நாட்காட்டியைப் பார்த்து வண்டி வாங்கும் அறிவுலகத்தாருக்கு

சுந்தரவனத்தையும் பிச்சாவரத்தையும் ஒப்பிட்டு அலையாத்திக் காடுகளை ஆராயும் நண்பர்கள் சிலர் பழைய டீசல் பிக்கப் வண்டி ஒன்று வாங்க எண்ணியிருக்கிறார்கள். ஃபைபர் படகையும் கருவிகளையும் டிரெய்லரில் ஏற்றி, கொல்கத்தாவிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 16 வழியாகச் சென்னைக்கும் அங்கிருந்து சிதம்பரத்துக்கும் இழுத்துச் செல்ல வேண்டும். ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர். ஆண்டுக்கு இரண்டு முறை போய்வர வேண்டும். எதை வாங்கலாம் என்று நம் ஆய்வாளர் குழுமத்தில் கேட்டார்கள். வந்த மறுமொழிகளைப் படித்தபின் இதை எழுதாமல் இருக்க இயலவில்லை.

“எந்த ஆண்டு வண்டி?” என்றார் ஒருவர். “2020க்கு முந்தியது என்றால் தொடவே வேண்டாம்” என்றார் மற்றொருவர். “டீசல் வாங்குவதே சூழலியல் குற்றம்” என்று ஒரு பேராசிரியர் தீர்ப்பளித்துவிட்டு, விமானத்தில் கருத்தரங்கு ஒன்றுக்குப் புறப்பட்டுப் போனார். ஆண்டைக் கேட்டவர்கள் அநேகர். அந்த வண்டி இதுவரை எதைச் சுமந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. படகோடு சேர்த்து டிரெய்லரின் எடை என்ன என்று கேட்கவில்லை. பிரேக்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அளவீடும் சான்றும் இன்றி வாய் திறக்கக் கூடாது என்று மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவர்கள் நாம்.

ஓர் இயந்திரத்தின் தகுதியை அது பிறந்த ஆண்டைக் கொண்டு அளப்பது சோம்பல். அந்தச் சோம்பலுக்குக் கொல்கத்தாவில் ஆணையின் உருவமும் கிடைத்திருக்கிறது; ஆணையின் உருவம் கிடைத்ததாலேயே அதை அறிவியல் என்று நம்பத் தொடங்கிவிட்டோம். இதுதான் என் குற்றச்சாட்டு.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சூழலியல் செயற்பாட்டாளர் சுபாஷ் தத்தா தொடுத்த பொதுநல வழக்கில், 15 ஆண்டு கடந்த வணிக வாகனங்கள் கொல்கத்தா பெருநகரப் பகுதியில் ஓடக் கூடாது என்று 2008 ஜூலையில் கல்கத்தா உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. தவணைகளுக்குப் பின் 2009 ஆகஸ்ட் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் கிழக்கு மண்டல அமர்வு இன்னும் ஓரடி முன்னே சென்று, ஆறு மாதத்துக்குள் கொல்கத்தாவிலும் ஹவுராவிலும் பி.எஸ்.6 தரத்துக்குக் கீழான வண்டிகளை அகற்றச் சொன்னது. ஆறு மாதம் எப்போதோ கடந்தது, பி.எஸ்.4 வண்டிகள் இன்றும் ஹவுரா பாலத்தின் மேல் நெரிசலில் நின்றுகொண்டிருக்கின்றன. 2023 ஏப்ரல் முதல் அரசுக்கும் பொதுத்துறைக்கும் தன்னாட்சி நிறுவனங்களுக்கும் சொந்தமான வாகனங்கள் 15 ஆண்டு ஆனதும் பதிவை இழக்கின்றன. இந்த விதியின் பார்வையில், 15 ஆண்டில் 40,000 கிலோமீட்டர் மட்டும் ஓடிக் கொட்டகையில் நின்ற ஆய்வக ஜீப்பும், நான்கு லட்சம் கிலோமீட்டர் ஓடி உயிரை விட்ட ஜீப்பும் ஒன்றுதான்.

டீசல் புகைக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனில் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் முதல் தொகுதிப் பொருள்களில் சேர்த்தது. அந்த முடிவை மறுப்பவர் யாரேனும் இருந்தால் குளிர்கால மாலையில் சியால்டா மேம்பாலத்தின் கீழ் அரை மணி நேரம் நின்று பார்க்கட்டும். வழக்கு தொடுத்தவரின் நோக்கத்தையும் நான் ஐயுறவில்லை. கேள்வி வேறு. ஆண்டைக் கொண்டு போட்ட கோடு புகையைக் குறைத்ததா, அல்லது புகை எழும் இடத்தை மட்டும் மாற்றியதா?

சந்தையைப் பாருங்கள். ஒரு பிக்கப்புக்கு 13 வயது ஆனதும் கொல்கத்தாவில் அதன் விலை சரிகிறது. பொறி எப்படி இருக்கிறது என்பது பொருட்டில்லை. இன்னும் இரண்டே ஆண்டு என்பதுதான் கணக்கு. அந்த இரண்டு ஆண்டில் உரிமையாளர் என்ன செய்வார்? சட்டம் கொல்லப் போகிற வண்டிக்குப் புது இன்ஜெக்டர் போடுவாரா? டீசல் பம்பைப் பிரித்துச் சீர்செய்வாரா? மாட்டார், நீங்களும் மாட்டீர்கள். ஆக, எந்த வயதில் வண்டிக்கு அதிகப் பராமரிப்பு வேண்டுமோ அந்த வயதில் பராமரிப்பே வேண்டாம் என்று சொல்லிக் கொடுக்கிறது இந்த விதி. கடைசி இரண்டு ஆண்டுப் புகையில் ஒரு பங்கு விதியே உண்டாக்கிய புகை. பிறகு தடையின்மைச் சான்று பெற்று வண்டி மாவட்டங்களுக்கும் அண்டை மாநிலங்களுக்கும் போகிறது. இங்கே வாழ நீதிமன்றம் அனுமதிக்காத அதே இன்ஜெக்டர், அங்கே ஒரு பள்ளிக்கூட வாசலில் புகை கக்குகிறது. கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிடும் என்று நினைத்த பூனையின் கதை நமக்குத் தெரியும். தன் எல்லைக்குள் புகை தெரியாவிட்டால் காற்று தூய்மையாகிவிட்டது என்று நினைக்கும் நகரமும் அந்தப் பூனைதான்.

உலக அளவிலும் இதே கதைதான். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2015 முதல் 2018 வரை ஏற்றுமதியான பழைய இலகு வாகனங்கள் 1.4 கோடி, அவற்றில் ஏறக்குறைய 80 விழுக்காடு குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளுக்குச் சென்றன. ஐரோப்பாவும் ஜப்பானும் அமெரிக்காவும் ஆப்பிரிக்காவுக்குச் செய்வதைக் கொல்கத்தா பாங்குராவுக்கும் புருலியாவுக்கும் செய்கிறது. முன்னதைக் காலனியம் என்று கட்டுரை எழுதுகிறோம். பின்னதைத் தூய காற்று என்று பாராட்டுகிறோம்.

(இடையே ஒன்று. மஞ்சள் அம்பாசிடர் டாக்சிகள் இதே 15 ஆண்டு விதியால் மறைவதைப் பற்றி எத்தனை இரங்கற்பாக்கள்! உத்தர்பாரா ஆலை 2014 மே மாதம் உற்பத்தியை நிறுத்தியது. ஆகவே கடைசி டாக்சி எப்போது போகும் என்பது விரலை மடக்கிச் சொல்லக்கூடிய கணக்கு. நகரின் மீனையும் உருளைக்கிழங்கையும், குமார்துலியின் துர்க்கையையும் சுமந்த பிக்கப்புக்கு ஒரு வரி இல்லை. புகையே இல்லாத டிராமை மைதானத்தருகே ஒற்றைத் தடமாகச் சுருக்கப் போவதாக 2024இல் அறிவித்த மாநிலம் இது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.)

வயதுக்குப் பதிலாக வேறு அளவுகோல் உண்டா என்றால், உண்டு. ஆனால் இன்று இருப்பது அரைகுறை. புகைச் சான்று கொடுக்கும் கூண்டில் என்ன நடக்கிறது? வண்டியை நிறுத்திவைத்து, கியர் போடாமல், ஆக்சிலரேட்டரைச் சட்டென மிதித்துப் புகையின் அடர்த்தியை அளக்கிறார்கள். பி.எஸ்.4க்கு முந்திய டீசல் வண்டிக்கு ஒளி உறிஞ்சு கெழு மீட்டருக்கு 2.45 வரை, பி.எஸ்.4க்கு 1.62 வரை ஏற்கப்படுகிறது. பொறி சுமையே இல்லாமல் சுழல்கிறது. பின்னால் ஒன்றரை டன் டிரெய்லரோடு மேம்பாலம் ஏறும்போது அது என்ன கக்கும் என்பதை இந்தச் சோதனை சொல்லாது. நைட்ரஜன் ஆக்சைடுகளை அது அளப்பதே இல்லை. வணிக வாகனத்துக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. அந்தச் சோதனையை உண்மையான சோதனையாக்கி, சுமை ஏற்றி, பிரேக்கை உருளையில் நிறுத்தி அளந்து, தோற்ற வண்டியை வயது பாராமல் நிறுத்தினால் 15 என்ற எண்ணுக்கே தேவை இராது. மூன்று வயதிலேயே நிறுத்தப்பட வேண்டிய வண்டிகள் அப்போது அகப்படும். அதற்கு ஆய்வாளர்களும் கருவிகளும் நேர்மையும் வேண்டும். நாட்காட்டிக்கு இவை எதுவும் வேண்டாம். நாட்காட்டி வென்றதன் இரகசியம் இதுதான்.

இனி நண்பர்களின் கேள்விக்கு வருவோம். நம் ஊர் மாட்டுச் சந்தையில் வாங்குபவர் முதலில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், வயது தெரியும். அத்தோடு துண்டுக்குள் கைவிட்டு விலை பேசிவிடுவாரா? நடக்கவிட்டுப் பார்ப்பார், குளம்பைத் தூக்கிப் பார்ப்பார், நுகத்தில் பூட்டிப் பார்ப்பார். ஆண்டை மட்டும் கேட்கும் நம் குழுமம் பல்லோடு நின்றுவிட்டது.

கொல்கத்தாவில் விற்பனைக்கு வரும் பிக்கப்பின் முதற்கேள்வி, அது எந்தத் தொழிலில் உழைத்தது என்பதே. நாம்கானா, காக்துவீப், டயமண்ட் ஹார்பர் பக்கத்திலிருந்து பாட்டிபுக்கூர் சந்தைக்கு மீன் ஏற்றிய வண்டி என்றால், ஐந்து வயதானாலும் எச்சரிக்கை வேண்டும். உருகும் பனிக்கட்டியின் உப்புநீர் தளத்தகட்டின் இடுக்கு வழியே ஆண்டுக்கணக்கில் சேசிஸ் மீது சொட்டியிருக்கும். மேலே புதுப் பெயிண்ட் பளபளக்கும்; அடியில் சிறு சுத்தியலால் தட்டினால் துரு ஏடு ஏடாக உரியும். டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு இது மரணப் பழுது. கொக்கி பூட்டப்படுவது சேசிஸின் பின்முனையில். ஒவ்வொரு பள்ளத்திலும் படகின் முழு உதைப்பையும் வாங்குவது அந்த முனைதான். செங்கலும் மணலும் ஏற்றிய வண்டியில் துரு குறைவு. ஆனால் அளவுக்கு மேல் சுமந்து கமான் பட்டைகள் நிமிர்ந்து போயிருக்கும், அவை சேசிஸோடு இணையும் இடங்களில் விரிசலும் அதை மறைத்த வெல்டிங்கும் இருக்கும். மருந்துப் பெட்டியோ ரொட்டியோ ஏற்றிய 11 வயது வண்டி இவை இரண்டையும்விட இளையது. ஆர்.சி. புத்தகம் இதைச் சொல்லாது. தளத்தின் தேய்மானம் சொல்லும். அந்தத் தெருவின் டீக்கடைக்காரரும் சொல்லுவார்.

அடுத்தது தண்ணீர். 2025 செப்டம்பர் 23 அதிகாலையில் நகரை மூழ்கடித்த மழையை நாம் மறக்கவில்லை. அன்று தெருவில் நின்ற வண்டிகள் இப்போது விற்பனையில் இருக்கின்றன. தண்ணீர் அச்சுக்கு மேல் நின்றால் கிரவுன் பெட்டியின் காற்றுத்துளை வழியே உள்ளே புகும். திருகைக் கழற்றிப் பாருங்கள். எண்ணெய் பாலும் டிக்காஷனும் கலந்த நிறத்தில் இருந்தால் திரும்பி நடங்கள்.

பொறியின் சக்தியைப் பற்றிக் குழுமத்தில் பெரிய ஆரவாரம். 2016இல் வந்த இசுசு வி-கிராஸ் 134 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர். மஹிந்திரா பொலிரோ பிக்கப் வெறும் 75, 200 என்று ஒருவர் அட்டவணையே போட்டார். எண்கள் சரிதான். அவற்றிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. இழுத்துக் கிளப்புவது எளிது. 1,500 சுழற்சியிலேயே திருகுவிசை தரும் எந்த 2.5 லிட்டர் டீசலும் ஒன்றரை டன்னைக் கிளப்பிவிடும். நிறுத்துவதுதான் கடினம். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த எடை மாறாதபோது, 60 கிலோமீட்டர் வேகத்தில் இருந்ததைப்போல் ஏறத்தாழ 1.8 மடங்கு ஆற்றலை 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் விழுங்க வேண்டும். டிரெய்லரில் தனிப் பிரேக் இல்லை என்றால் முன்னால் இருக்கும் வண்டியின் பிரேக் மட்டுமே அனைத்தையும் விழுங்கும். சூடேறிய பிரேக் ஓரளவுக்குமேல் பிடிக்காது. பின்னாலிருந்து படகு தள்ளும், வண்டி குறுக்கே மடங்கும். பாலசோர் தாண்டி ஆளில்லா நெடுஞ்சாலையில் விடியற்காலை மாடு ஒன்று குறுக்கே வரும்போது 134 குதிரைகள் உதவா. சக்தி கூடிய வண்டி இன்னும் வேகமாக அந்த மாட்டை நெருங்கும், அவ்வளவே. ஓட்டுநருக்கு அந்த நேரத்தில் தேவை நல்ல பிரேக் டிரம்மும், டிரெய்லர் முன்னே அழுத்தும்போது தானே பிடிக்கும் தள்ளுவிசைப் பிரேக்கும், 60ஐத் தாண்டாத நிதானமும்.

வழி பெரும்பாலும் கடலோரச் சமவெளி. மலையேற்றத்தைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது வெயிலை. மே மாதம் நண்பகலில் ராஜமுந்திரிக்கும் நெல்லூருக்கும் இடையே, பாரத்தை இழுத்தபடி ஐந்து மணி நேரம் ஓடும் பொறிக்கு ரேடியேட்டர்தான் உயிர். வாங்குமுன் பொறி முழுக்க ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள். நீரின் மேல் எண்ணெய்ப் படலம் தெரிந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். பொறி ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் ஆவி சீறிப் பாயக் கூடாது. பாய்ந்தால் ரிங் தேய்ந்துவிட்டது. தரகர் முன்கூட்டியே கிளப்பிச் சூடாக்கி வைத்த வண்டியைப் பார்க்கவே வேண்டாம். காலையில் குளிர்ந்த பொறியை நீங்களே கிளப்ப வேண்டும். கறுப்புப் புகை நாசிலையோ காற்று வடிகட்டியையோ காட்டும். அது செலவு குறைந்த பழுது. நீலப் புகை எண்ணெய் எரிவது. அது வீட்டு வாடகையை விழுங்கும் பழுது.

“பி.எஸ்.6 மட்டுமே வாங்குங்கள்” என்ற அறிவுரைக்கும் ஒரு மறுப்பு. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த டீசல் வண்டியின் தூய்மை அதன் புகைக்குழாயில் இருக்கும் நுண்துகள் வடிகட்டியைப் பொறுத்தது. அந்த வடிகட்டி தானே எரித்துத் தூய்மையாக நீண்ட ஓட்டமும் சூடும் வேண்டும். கொல்கத்தா நெரிசலில் மூன்று மூன்று கிலோமீட்டராக ஓடிய வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். மாற்றும் செலவுக்கு அஞ்சி, அதை அறுத்தெடுத்துவிட்டு வெறும் குழாயை வெல்டிங் செய்து, கணினியை ஏமாற்றிவிடும் பட்டறைகள் உண்டு. அப்படிப்பட்ட 2021 வண்டி, ஒழுங்காகப் பராமரித்த 2015 வண்டியைவிடத் தூயது என்று எந்த முகத்தோடு சொல்வது? வடிகட்டி இருந்த இடத்தில் இருக்கிறதா என்று அடியில் படுத்துப் பார்க்காமல் ஆண்டை மட்டும் பார்த்தவர், நச்சைப் பசுமைச் சான்றோடு வாங்கியவர். நல்ல நிலையில் பி.எஸ்.6 கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். நீண்ட ஓட்டம் அந்த வடிகட்டிக்கு நல்லது. நிலை என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள், அதுதான் என் வேண்டுகோள்.

சட்டப் பக்கத்தையும் குழுமம் தொடவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெய்லரும் மோட்டார் வாகனமே; அதற்குத் தனிப் பதிவெண் வேண்டும், காப்பீட்டில் அதன் பெயர் வர வேண்டும். பட்டறையில் பற்றவைத்துத் தந்த பதிவில்லாத டிரெய்லரைக் கட்டிக்கொண்டு நான்கு மாநில எல்லை கடப்பது ஆய்வு அன்று, சூதாட்டம். ஓட்டுநர் உரிமத்தைப் பொறுத்தவரை, 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்தை இலகு வாகன உரிமத்தோடு ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே காப்பீட்டு நிறுவனம் அதைச் சொல்லி இழப்பீட்டை மறுக்க இயலாது. 15 ஆண்டுக் கணக்கும் உங்களைத் தொடும்: மேற்கு வங்கப் பதிவுள்ள வண்டி என்றால் நகரில் ஓட எத்தனை ஆண்டு மிச்சம் என்று பாருங்கள். விதி மூடத்தனமானது என்பதற்காக அது உங்கள் வண்டியைப் பிடிக்காமல் விடாது. கடன் தீர்ந்ததற்கான படிவம் 35, உரிமை மாற்றத்துக்கான படிவங்கள் 29, 30 ஆகியவற்றைக் கையில் வாங்காமல் பணம் தராதீர்கள்.

நம் நிறுவனங்களின் கொள்முதல் படிவத்தில் “மாதிரி ஆண்டு” என்று ஒரு கட்டம் இருக்கிறது. “பிரேக் நிலை” என்று ஒரு கட்டம் நான் பார்த்த எந்தப் படிவத்திலும் இல்லை. குழு கூடும், ஆண்டை ஒப்பிடும், குறைந்த விலையைத் தேர்ந்தெடுக்கும், கையெழுத்திடும். அந்தக் கையெழுத்துகளில் ஒன்றுகூட டிரெய்லரோடு 1,900 கிலோமீட்டர் போகப் போவதில்லை. போகப் போகிறவர் தினக்கூலி ஓட்டுநர் ஒருவர், அவருக்குப் பக்கத்தில் முதலாமாண்டு ஆய்வு மாணவர் ஒருவர். அவர்கள் இருவரையும் குழுவில் உட்கார வையுங்கள் என்று கேட்பது அவ்வளவு பெரிய புரட்சியா?

நண்பர்களுக்கு என் பரிந்துரை இது. ஒன்பது, பத்து வயதுள்ள, இலகுச் சரக்கு ஏற்றிய, சேசிஸ் துருவற்ற பொலிரோ பிக்கப் அல்லது அதன் நிகர் ஒன்று. மல்லிக் பஜாரிலிருந்து நெல்லூர் வரை உதிரிப்பாகம் கிடைக்கும், எந்த ஊர் மெக்கானிக்கும் பிரிப்பார். அட்டவணைக்காரர் சொன்ன வி-கிராஸ் நல்ல வண்டிதான். ஆனால் துனிக்கு அப்பால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் உணரி ஒன்று போனால் படகோடு சாலையோரம் காத்திருக்க வேண்டும். மிச்சப்படும் பணத்தில் பாதியை டிரெய்லர் பிரேக்குக்கும் நான்கு புது டயருக்கும் ஒதுக்குங்கள். படகை ஏற்றிய டிரெய்லரையே விற்பவரின் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பூட்டி, கோனா விரைவுச்சாலையில் விடியற்காலை ஒருமுறை ஓட்டி, 50இல் அழுத்திப் பிரேக் போட்டுப் பாருங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத தரகரிடம், வண்டி எந்த ஆண்டினதாக இருந்தாலும், முன்பணம் கொடுக்காதீர்கள்.